ஆடிச் சாரலில் அரக்குப் பாலிஷ்

தென்காசியில் மரச்சாமானுக்குப் பாலிஷ் போடும் சேக் தாவூது ராவுத்தருக்குச் சாரல் என்றாலே ஆகாது. ஈரக்காற்றில் அரக்குப் பாலிஷ் வெளுத்துப்போகும். ஆடி பிறந்தால் புட்டியை மூடிவிடுவார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம்தான் மூட முடியாமல் போயிற்று.

குற்றாலத்தில் பங்களா வைத்திருந்த முத்துக்குமாரசாமி பிள்ளை ஆள் அனுப்பினார். அவருடைய பழைய சீமை அலமாரிக் கதவில், மேலே ஒட்டியிருந்த மெல்லிய ஈட்டிமரத் தகடு கிளம்பிக்கொண்டு நின்றது. வெள்ளிக்கிழமை செங்கோட்டை மர வியாபாரி நம்பிராஜன் விருந்துக்கு வருகிறார். அவர் புது பங்களா கட்டியிருக்கிறார். அலமாரி அவருக்குப் பிடித்துவிட்டால் அங்குள்ள மரச்சாமான் அத்தனையும் ராவுத்தர் கைக்கு வரும். ஒரு வருஷத்து வேலை.

"பங்குனியிலேயே கூப்பிடுங்கன்னு தலைபாடா அடிச்சிக்கிட்டேன். அப்பம்லாம் தூங்கிட்டு, இப்ப மழைக்குள்ள மின்னணும்ங்காரு!" என்று பங்களாவில் சமைக்கும் மாடத்தியிடம் எரிந்து விழுந்தார்.

"எம்மேல ஏன் பாயுதிய? மழைய நானா பெய்யச் சொன்னேன்?"

வச்சிரப் பசை காய்ச்சி ஒட்டினால் காலையில் தகடு மறுபடி வாயைப் பிளந்தது. கடலை வறுக்கிற மாதிரி மணலை வறுத்துப் பையில் கட்டி, சூட்டோடு மேலே வைத்து அழுத்தினார். மூன்று நாள் இதே கூத்து. வியாழக்கிழமை பிடித்தது. பிறகு ஈரம் ஏறாமலிருக்கக் கரிக்கணப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, துணிப்பந்தால் பாலிஷைத் தேய்த்துத் தேய்த்துத் தோள் இற்றுப்போயிற்று. வெள்ளி காலையில் கதவில் முகம் தெரிந்தது. பாலிஷ் காயாத விளிம்பு சட்டத்தில் ஒட்டிக்கொள்ளாதபடி கதவைத் திறந்து வைத்துவிட்டு ஜும்மாவுக்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து நம்பிராஜன் அருவியில் குளித்துவிட்டு வந்தார். குற்றாலத்துக்கு வருகிறவனுக்குக் கண்ணில் பட்டதெல்லாம் துணி காயப்போடும் கொடிதான். திறந்திருந்த கதவில் ஈரத்துண்டை விரித்துப் போட்டுவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். பிள்ளை பார்த்தார், விருந்தாளியிடம் எப்படிச் சொல்வது என்று பாயசம் ஊற்றச் சொன்னார்.

ராவுத்தர் திரும்பி வந்தபோது நம்பிராஜன் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டிருந்தார். அது கிடந்த இடம் சுண்ணாம்பு பூசியதுபோல் இருந்தது.

"என்ன பிள்ளைவாள், தண்ணி பட்டதும் வெளுக்கு? இதுவா பாலிஷு?" என்றார் நம்பிராஜன்.

பிள்ளை ராவுத்தர் பக்கம் திரும்பினார். "என்ன வேய், வேலை பாத்திருக்கீரு?"

"போட்டு ஒரு நாளுகூட ஆகல. அதுல ஈரத்துண்ட விரிச்சா வெளுக்காம சிரிக்குமா? கண்ணால பாத்தியளே, ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

பிள்ளை முகம் கறுத்தது. நம்பிராஜனோ வெற்றிலையை மடித்துக்கொண்டே, "நமக்கு மதுரையில இருந்து ஆள் கூட்டிக்கிடுவோம்" என்றார், அலமாரியிடம் சொல்வதுபோல.

ஒரு வருஷத்து வேலை அத்தோடு போயிற்று. ராவுத்தர் வெளியேறத்தான் நினைத்தார். ஆனால் இந்தக் கதவை நாளை பார்க்கிறவன் மழையையா திட்டுவான்? தாவூதைத்தான் திட்டுவான். வேட்டியை மடித்துக் கட்டி, துணிப்பந்தை எடுத்துக்கொண்டு கதவருகே குந்தி உட்கார்ந்தார்.

"ஐயா, கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றார் நிமிர்ந்து பார்க்காமல். "துண்டு சொட்டுது."