சவரி அண்ணன் டிராக்டருக்கு என்ன ஊற்றுவது?

மீன் கூடையோடு பஸ்ஸில் ஏறிய காசிமேட்டு அக்கா, லேடீஸ் சீட்டில் என் பக்கத்தில் உட்கார்ந்த வேகத்தில் எழுந்து போனார். என் மேல் அடித்த நாற்றம் அவருக்கே தாங்கவில்லை.

கியர் ஆயில் வாடை அப்படி...

திருவொற்றியூரில் ஆயில் கலக்கும் சின்ன கம்பெனி ஒன்றில் லேப் வேலைக்குச் சேர்ந்த புதிது. பி.எஸ்சி. கெமிஸ்ட்ரி. ராயபுரத்தில் எங்கள் தெருவில் யார் வண்டி இருமினாலும் என்னைக் கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

முதல் கேஸ் பக்கத்து வீட்டு சவரி அண்ணன். ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிட்டையர் ஆனவர். ஆன கையோடு ஏலத்தில் அரதப்பழசான ஒரு டிராக்டரை எடுத்து வந்துவிட்டார். உழுவதற்கு அவரிடம் ஒரு பூந்தொட்டி கூடக் கிடையாது. அவர் ஆசை வேறு... கெபி என்று நாங்கள் சொல்லும் மாதா குகைக் கோயிலின் திருவிழாவில் தேரை அந்த டிராக்டர்தான் இழுக்க வேண்டும்.

வழியில் ஒரு தடவை நின்றாலும் அடுத்த வருஷம் வாடகை வண்டிதான் என்று சொல்லி, கமிட்டிக்காரர்கள் அரை மனதாகச் சம்மதித்தார்கள்.

அது பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து, சூடானதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றி ஓட்டுகிற காலத்து இன்ஜின். மண்ணெண்ணெயோ கிடைக்காமல் போயிருந்தது. இனி என்ன ஊற்றுவது?

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டிராக்டரைச் சுற்றிக் கூடினோம்.

அண்ணனின் மச்சான் தேசப்பன், விசைப்படகு டிரைவர். பெட்ரோலில் டீசலைக் கலந்தால் மண்ணெண்ணெய் மாதிரியே ஆகிவிடும் என்றார்.

வண்ணாரப்பேட்டையில் பழைய ஸ்பேர் பார்ட்ஸ் விற்கும் காதர் பாய், அண்ணனுக்குப் பள்ளிக்கூட நாள் தோஸ்து. சட்டைப்பையிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். பாச்சா உருண்டை... துணி அலமாரியில் போடுவோமே, அதேதான். டேங்கில் நாலு போட்டால் தனி இழுவை வரும் என்று சத்தியம் செய்தார்.

நான் தொண்டையைச் செருமிக்கொண்டேன். இது லோ கம்ப்ரஷன் இன்ஜின், சாதா பெட்ரோலே போதும். முன்பெல்லாம் பெட்ரோலில் இருந்த ஈயம் வால்வைக் காப்பாற்றியது, இப்போது ஈயம் இல்லாததால் அதற்கென்று விற்கிற அடிட்டிவ் ஒரு மூடி மட்டும் ஊற்றுங்கள் என்றேன். கம்பெனி பேப்பரிலேயே எழுதி, 'மட்டும்' என்ற வார்த்தைக்கு அடிக்கோடும் போட்டுக் கொடுத்தேன்.

அண்ணன் மூன்று பேருக்கும் ஒரே மாதிரி தலையாட்டினார். அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

திருவிழா அன்று சாயங்காலம் தேர் கிளம்பியது. டிராக்டர் பிரமாதமாக இழுத்தது. ஆனால் புகை... வெள்ளை வெளேரென்று, தெருவையே மூடுகிற புகை. பாட்டுக் குழு முதல் பாட்டிலேயே இருமத் தொடங்கியது. சாம்பிராணி என்று நினைத்துச் சிலர் சிலுவை போட்டுக்கொண்டார்கள். எனக்கு மட்டும் அதில் துணி அலமாரி வாசனை வந்தது.

ஆனாலும் ஓரிடத்திலும் நிற்கவில்லை. கெபி வாசலுக்கு வந்து சேர்ந்தபோது அண்ணனுக்குக் கண் கலங்கியிருந்தது.

ஃபாதர் மைக்கைப் பிடித்தார். அண்ணன் சுவிட்சை அணைத்தார்.

இன்ஜின் நிற்கவில்லை.

சாவியை உருவி என்னிடம் தூக்கிக் காட்டினார். டுப்... டுப்... டுப்... டீசல் கலப்பும் கரியும் சேர்ந்து, உள்ளே இருந்த சூட்டிலேயே பற்றிக்கொண்டு அது பாட்டுக்கு ஓடியது. ஃபாதர் ஜெபத்தை ஆரம்பிப்பார். டிராக்டர் குறுக்கே பேசும். மூன்றாவது தடவை அவர் மைக்கை இறக்கிவிட்டுக் காத்திருந்தார்.

பட்டுப்புடவையோடு ஏறினேன். அண்ணன் தோளில் கிடந்த துண்டை உருவி, காற்று இழுக்கும் குழாய் வாயில் திணித்தேன். இரண்டு குலுக்கல்... நின்றது.

ஃபாதர் "ஆமென்" என்றார். கூட்டமும் சொன்னது.

"இன்னாண்ணா ஊத்துன?" என்று கேட்டேன்.

"பெட்ரோலு, டீசலு, நாலு உருண்டை, உன் மருந்து ஒரு மூடி."

"ஏன்ணா?"

"மச்சான் பேச்சத் தட்டுனா வூட்ல சோறு கெடைக்காது. பாய் தோஸ்து. நீ படிச்ச பொண்ணு. நான் யார் மனச நோகடிக்கறது, சொல்லு."

கமிட்டி கூடி விவாதித்தது. வழியில் நிற்கக் கூடாது என்பதுதானே நிபந்தனை... நிறுத்தினால் நிற்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லையே. அடுத்த வருஷமும் அதே டிராக்டர்தான். வெறும் பெட்ரோலில்.

இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு அதன் பழைய ரப்பர் குழாய்கள் தாங்குவதில்லை. இரண்டு முறை மாற்றினோம். அண்ணனுக்கும் முட்டி வலி, ஏறி உட்கார முடிவதில்லை. இந்த வருஷம் தேரை இழுக்க பேட்டரி வண்டி வந்தது. புகை இல்லை, பாட்டுக் குழு எல்லாப் பாட்டையும் முழுசாகப் பாடியது.

அண்ணன் என் பக்கத்தில் நின்று, வண்டி ஸ்டார்ட் ஆகிற சத்தத்துக்காகக் காது கொடுத்துக்கொண்டிருந்தார். பொறுத்துப் பார்த்துவிட்டு டிரைவரிடம் குரல் கொடுத்தார்.

"இன்னா நைனா, இன்னும் கெளப்பலியா?"

அதற்குள் தேர் பத்தடி தள்ளிப் போயிருந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார்.

"கெளம்புனதே தெரியலியே, தங்கச்சி."

எனக்கும்தான் தெரியவில்லை.