சித்தி அடைவைத்த முட்டை

அந்தப் பங்குனியில் சித்தி, அம்மாவின் தங்கை, திருவரங்குளத்தில் எங்கள் வீட்டோடு வந்து இருந்தாள். சித்தப்பா துபாயில். சித்திக்கு உடம்பு சரியில்லை என்பதற்கு மேல் எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. பேசாமல் படுத்தே கிடந்தவள் எழுந்து செய்த முதல் வேலை, எங்கள் கறுப்புக் கோழியை அடைவைத்ததுதான். கூடையில் மணல் பரப்பி, இடிச்சத்தத்துக்கு முட்டை கெடாமலிருக்க இரும்புத் துண்டும் அடுப்புக்கரியும் போட்டு, ஒற்றைப்படையாகப் பதினொரு முட்டைகளை ஒவ்வொன்றாகத் துடைத்து வைத்தாள்.

அக்கா பன்னிரண்டாம் வகுப்பு. உயிரியலை வீடு அதிரப் படிப்பாள். கரு முதலில் மூன்று அடுக்காகுமாம். புற அடுக்கிலிருந்து தோலும் மூளையும், நடு அடுக்கிலிருந்து இதயமும் எலும்பும், உள் அடுக்கிலிருந்து குடலும் வருமாம். ஆறாம் வகுப்பிலிருந்த எனக்கே அது மனப்பாடமாகிவிட்டது. அந்த மூன்றையும் கண்ணால் பார்த்தே தீருவது என்று, அடைவைத்த மறுநாள் மத்தியானம் கோழி தீனிக்கு இறங்கிய நேரம் பார்த்து ஒரு முட்டையை எடுத்துக் கிண்ணத்தில் உடைத்தேன். மஞ்சள் கருவின் மேல் சட்டைப் பித்தான் அகலத்துக்கு வெளுத்த வட்டம். அவ்வளவுதான். மூன்றும் இல்லை, முப்பதும் இல்லை.

நிமிர்ந்தால் சித்தி நிற்கிறாள்.

"ஏண்டி, நல்லாருந்த முட்டையப் போயி ஒடச்சே?" கண் கலங்கியிருந்தது.

அடி விழும் என்ற பயத்தில் படித்த மேதை மாதிரிப் பேசினேன். "உசுரெல்லாம் ஒண்ணும் போகல சித்தி. இப்ப வெறும் அடுக்குதான். இதயமே வரல. ஒண்ணுமே இல்லாததுக்குப் போயி யாராச்சும் அழுவாங்களா?"

சித்தி கிண்ணத்தை வாங்கினாள். முருங்கை மரத்தடியில் கையாலேயே குழி பறித்து ஊற்றி, மண்ணை மூடினாள்.

"டாக்டரம்மாவும் அப்புடித்தான் சொன்னாங்க" என்றாள்.

டாக்டரம்மா எதற்குக் கோழிமுட்டையைப் பார்த்தார் என்று எனக்கு ஒரே குழப்பம். அப்போது சித்திக்குக் கரு கலைந்து பத்து நாள்தான் ஆகியிருந்தது என்று, நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் அம்மா சொன்னாள். இன்றும் நினைத்தால் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

அன்றைக்கு நான் அதோடும் விடவில்லை. அடி விழாத நிம்மதியில் அடுக்களைக்கு ஓடி இன்னொரு முட்டையைக் கொண்டுவந்து அவள் கையில் வைத்தேன்.

"இந்தாங்க சித்தி, வேற ஒண்ணு. பதினொண்ணு ஆயிருச்சுல்ல?"

மண் ஒட்டிய கையில் அந்த முட்டையை வைத்துக்கொண்டு சித்தி அங்கேயே நின்றாள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் விளையாடப் போய்விட்டேன்.