உப்புத் தண்ணித் தொப்பியும் நானும்

குழந்தையின் தலையில் கை வைக்கிற எந்தத் தொழிலும் லேசானது இல்லை. பிள்ளைக்கு முடிவெட்டக் கூட்டிப்போய்ப் பாதித் தலையோடு திரும்பி வந்தவர்களுக்கு என் கஷ்டம் புரியும். உப்பளத்துக்குப் பேர்போன மரக்காணத்தில் எங்கள் தெரபி சென்டரில் ஓர் ஆய்வு நடக்கிறது. ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்கு ஒரு தொப்பி மாட்டி, மிக மெல்லிய மின்சாரத்தைச் சிறிது நேரம் செலுத்துகிறோம். பலன் உண்டா என்று டாக்டர்கள் இன்னும் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். தொப்பி மாட்டுவது என் வேலை.

ஊர்ப் பெருமை

தொப்பிக்குள் இருக்கும் ஸ்பாஞ்சை உப்புத் தண்ணீரில் நனைத்தால்தான் கரண்ட் ஒழுங்காகப் பாயும். அதற்கு மருந்துக்கடை சலைன்தான். மகனைக் கூட்டிவந்த உப்பளக்காரர் ஒருவர், நான் பாட்டிலைத் திறப்பதைப் பார்த்து முகம் சுளித்தார். மறுநாள் சென்டர் வாசலில் ஒரு மூட்டை உப்பு இறங்கியது. "இதுக்குன்னு அளவு, சுத்தமெல்லாம் இருக்குங்க சார்" என்று எவ்வளவோ சொன்னேன். அவர் மூட்டையைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "மரக்காணத்துல உக்காந்துக்கினு உப்புத் தண்ணிய பாட்டில்ல வாங்குறீங்களே, மொதல்ல உங்க தலைக்குத்தான் மேடம் கரண்ட் வைக்கணும்!"

அப்பாவுக்கு ட்ரையல்

அனுமந்தையிலிருந்து வந்த மீனவர் ஒருவர், "எம் புள்ளைக்கு முன்னாடி எனக்கு வையுங்க. ஷாக் அடிச்சா என்னை அடிக்கட்டும்" என்று நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். பயம் தெளியட்டுமே என்று வெறும் தொப்பியை மட்டும் மாட்டினேன். கண்ணை மூடிக்கொண்டார். "ஆங்... ஏறுது மேடம். கால் வரைக்கும் ஜிவ்வுங்குது. இடுப்பு வலிகூட விட்டுப்போச்சு!"

மெஷின் இன்னும் பெட்டிக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி பெட்டியைப் பார்த்தார், புருஷனைப் பார்த்தார். "அந்தத் தொப்பிய மட்டும் குடுத்துடுங்க மேடம், வீட்ல தைலச் செலவாவது மிச்சமாவும்."

பாண்டி, பாண்டி!

பெனிட்டாவுக்கு ஏழு வயது. தொப்பியைக் கண்டாலே காதைப் பொத்திக்கொண்டு மேசைக்கு அடியில் போய்விடுவாள். கட்டாயப்படுத்த எனக்கு மனசு வராது. அவள் அம்மா கண் கலங்க நிற்பார். இனி வரமாட்டார்களோ என்று ஒவ்வொரு முறையும் பயந்தேன்.

ஒருநாள் வெளியே ஈசிஆர் ரோட்டில் பாண்டிச்சேரி பஸ்ஸின் ஹாரன் கேட்டதும் மேசைக்கு அடியிலிருந்து ஜன்னலுக்கு ஓடினாள். சட்டென்று நாற்காலிகளை வரிசையாகப் போட்டேன். தொப்பியை என் தலையில் மாட்டிக்கொண்டு, கண்டக்டர் மாதிரி "பாண்டி, பாண்டி, பாண்டி!" என்று கத்தினேன். ஜன்னல் சீட்டில் வந்து உட்கார்ந்தாள். அப்புறம் தினமும் பஸ்தான். டாக்டரும் பின் சீட்டுப் பயணி. கடைசியில் அவளே என் தொப்பியைக் கழற்றித் தன் தலையில் மாட்டிக்கொண்டு கண்டக்டர் ஆகிவிட்டாள். பஸ் ஓடும்போதே கரண்ட்டும் வைத்தோம்.

சில வாரம் போனது. ஒருநாள் என்னை நேராகப் பார்த்துச் சொன்னாள்: "டிக்கெட் எடுக்கல. எறங்கு!"

அவள் அம்மாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. "தப்பா நெனச்சுக்காதீங்க மேடம், வீட்ல யாரையும் பாத்து இதுவரைக்கும் ஒரு வார்த்த பேசல, மொதமொதல்ல உங்களத்தான் திட்டியிருக்குது!"

கரண்ட்டாலா, பஸ்ஸாலா என்று டாக்டரைக் கேட்டால் இப்போதைக்குச் சொல்ல முடியாது என்கிறார். நான் இறங்கிவிட்டேன் என்பது மட்டும் நிச்சயம்.