தராசம்மா எடுத்துவைத்த குவளை

மூன்று வருஷம் பண்ணைக்காரர் மனசில் முள்ளாய்க் குத்திக்கொண்டிருந்தது ஒரு தகரக் குவளை. தவிடு அள்ளி அள்ளி விளிம்பு தேய்ந்த குவளை. ஆராய்ச்சிக்கூடத்து டாக்டரம்மா, வேலையாட்கள் நாலு பேர் பார்க்க, அதை அவர் கையிலிருந்து வாங்கித் தன் பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். நினைத்தால் அவருக்குச் சோறு இறங்காது. "குவளையத்தானே எடுத்தாங்க, உங்க கழுத்தையா எடுத்தாங்க?" என்பாள் மனைவி.

டாக்டரம்மாவுக்குப் பண்ணைக்குள் தராசம்மா என்று பெயர். பன்றிக்குட்டியைத் துணிப்பையில் போட்டுக் கொக்கியில் மாட்டினால் முள்ளை இரண்டு தடவை பார்ப்பார். எடையை வாய்விட்டுச் சொல்ல மாட்டார். இன்னொருவர் தனியாகப் பார்த்து எழுத வேண்டும். இரண்டும் ஒத்துப்போனால்தான் குட்டி இறங்கும். மருந்துக் குப்பியை அக்குளில் இடுக்கிக் குளிர் போக்குவார். சினைப்பன்றியின் காதோரம் குனிந்து, "சின்னதா ஒரு சுள்ளு, அவ்வளவுதான்டி" என்று சொல்லாமல் ஊசி இறங்காது. ஊசிக்குப் பின்னால் கண்ணிமைக்கும் நேரம் மின்சாரம். அப்போதுதான் குப்பியில் இருக்கும் மரபணு தசைக்குள் நுழையும். "இது மருந்தில்லண்ணே, சமையல் குறிப்பு. சமைக்கிறது அவ உடம்பு" என்பார் பண்ணைக்காரரிடம். சமையல் சரியாக அமைந்தால் குட்டிகள் கனமாகப் பிறக்கும், நோயையும் தாங்கும்.

தாங்கியாக வேண்டும். பிறந்த இரண்டாம் வாரம் வரும் கழிச்சலில் ஈற்றுக்கு நாலைந்து குட்டிகளை மண்வெட்டியும் கையுமாகப் புதைத்தவர் பண்ணைக்காரர். இன்னும் சில வருஷம் இப்படிப் போனால் கொட்டடியைப் பூட்ட வேண்டியதுதான்.

முதல் சோதனையில் இருபது தாய்ப்பன்றிகள். பத்துக்கு மரபணு, பத்துக்கு வெறும் உப்புத்தண்ணீர். எதற்கு எது என்பது ஒட்டிய உறைக்குள் இருந்தது. பண்ணைக்காரர் சும்மா இருந்தாரா? சோர்ந்து நின்றதெல்லாம் உப்புத்தண்ணீர்தான் என்று தானே முடிவுகட்டி, பாவம் பார்த்து, ஆள் இல்லாத நேரத்தில் ஒரு குவளை தவிடு கூடுதலாகப் போட்டுவந்தார். தாய்களின் எடை ஏறிய தினுசு தராசம்மாவுக்கு உறுத்தியது. ஒரு நாள் காலை சொல்லாமல் வந்து நின்றார், கையும் குவளையுமாகப் பிடித்தார். நோட்டில் ஒரு வருஷமாக எழுதிய எழுத்தையெல்லாம் குறுக்கே கோடிழுத்து அடித்தார்.

"உங்க இரக்கத்த நான் எப்படிண்ணே கழிச்சுப் பாக்கறது?" என்று மட்டும் கேட்டார்.

மறுபடி ஆரம்பிக்க இரண்டு வருஷம் இழுத்தது. இந்த முறை பண்ணைக்காரர் கொட்டடிக்குள் கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடந்தார். கழிச்சலும் தவறாமல் வந்தது. சில ஈற்றில் தினம் ஒன்று விழுந்தது. சிலவற்றில் குட்டிகள் முட்டி மோதிப் பால் குடித்துக்கொண்டிருந்தன.

பால் மறக்கடிக்கும் நாளில் கடைசிக் குட்டியும் தராசிலிருந்து இறங்கியது. தராசம்மா உறையை அவரிடமே நீட்டினார். நாலாம் வகுப்போடு நின்ற படிப்பு. விரல் வைத்துப் படித்தார், உறையையும் எழுத்தையும் ஒத்துப் பார்த்தார். மரபணு போட்ட பத்துத் தாய்களுக்கும் சேர்த்துச் செத்தது மூன்றே குட்டி. உப்புத்தண்ணீர்ப் பக்கம் முப்பத்தெட்டு. உயிரோடு இருந்ததிலும் மரபணுக் குட்டிகள் தலைக்கு ஒரு கிலோ கூடுதல். மறுபடி முதலிலிருந்து படித்தார். இரண்டு தடவை பார்க்கும் வியாதி அவருக்கும் தொற்றியிருந்தது.

வேலையாட்கள் கழுவுகிற குழாயைத் திறந்து ஒருவரையொருவர் நனைத்துக்கொண்டார்கள். மனைவி மூலையில் சாத்தியிருந்த மண்வெட்டியைத் தூக்கினாள். "இத இனிமே நான் கீரைப் பாத்திக்கு எடுத்துக்கறேன்."

தராசம்மா பெட்டியைத் திறந்து, அடியில் துணி சுற்றிக் கிடந்ததை எடுத்துப் பிரித்தார். விளிம்பு தேய்ந்த அதே குவளை. துருப் பிடிக்காமல் எண்ணெய் தடவி வைத்திருந்தார்.

"எழுத்து முடிஞ்சுதுண்ணே" என்று அதை அவர் கையில் வைத்தார். "அந்த உப்புத்தண்ணிப் பத்துக்கும் ஆளுக்கொரு குவளை தவிடு போட்டுட்டு வாங்க."