நாய் குறைச்சலில்லை, அதட்ட ஆள்தான் இல்லை

கோவில்பட்டி வட்டாரத்தில் மூன்றாம் வகுப்போடு பள்ளியை விட்டுவிட்டுச் சொந்தமாக லாரி ஓட்டியவன் யாரென்று கேட்டால் என்னைத்தான் காட்டுவார்கள். அப்படிப்பட்ட என் விரல்கள் நுனியிலிருந்து வெளுக்கத் தொடங்கியபோது, மகளுக்குச் சம்பந்தம் பேசி முடித்திருந்தோம். நிச்சயத்தன்று தாம்பூலத் தட்டை நான்தான் மாற்ற வேண்டும். ஊர்க்கண் மொத்தமும் கையில்தான் இருக்கும்.

தெருவில் ஒருவர் "வெண்குஷ்டம்" என்று சொல்லிவிட்டார். அந்தச் சொல் சம்பந்தி காதுக்குப் போனால் கல்யாணம் நின்றுபோகும் என்று என் மனைவி நடுங்கினாள். தயிரை நிறுத்தினாள், மீனை நிறுத்தினாள். "ஒங்களுக்கு எதிர்ப்புச் சக்தி பத்தல" என்று தினமும் கஷாயம் கொடுத்தாள். குடித்தேன். வெள்ளை மணிக்கட்டுக்கு ஏறியது.

கடைசியில் தோல் டாக்டரம்மாவிடம் போனேன். "எதிர்ப்புச் சக்தி கூடுத மாதிரி எழுதுங்கம்மா" என்றேன்.

அவர் சிரித்துவிட்டார். "ஐயா, ஒடம்பக் காக்குற அணுக்களே ஒங்க தோலுக்கு நிறம் குடுக்குற அணுக்கள எதிரின்னு நெனச்சு அழிக்குது. அதுகள அடக்கி வைக்கன்னே வேற அணுக்கள் இருக்கு. ஒங்கள மாதிரி ஆளுங்களுக்கு அந்த அடக்குற அணுக்கள் கம்மியா இருக்கலாம், இல்ல தோலுக்கு வந்து சேராம இருக்கலாம். இன்னும் ஆராய்ச்சி நடக்குது. இது வெண்புள்ளி. குஷ்டம் இல்ல, ஒட்டவும் ஒட்டாது."

எனக்கு உடனே பிடிபட்டது. சின்ன வயதில் கரிசல் புஞ்சைகளில் ராத்திரி ஆடுகளை அடைத்து, உரத்துக்குக் கிடை போட்டுப் பிழைத்தவன் நான். நரிக்கென்று வளர்க்கிற நாய், அதட்ட ஆளில்லாவிட்டால் நம் குட்டியையே கடிக்கும்.

"அப்போ நாய் குறைச்சல் இல்லம்மா. அதட்டுத ஆளுதான் குறைச்சல்."

"அதேதான்" என்றார். இப்போது மற்ற நோயாளிகளுக்கும் அவர் இதையே சொல்வதாகக் கேள்வி. சொல்லட்டும், சரக்கு என்னுடையது.

களிம்பு கொடுத்தார், லைட் சிகிச்சை தொடங்கினார். விரல் நுனியில் நிறம் திரும்புவது கஷ்டம் என்பதையும் மறைக்கவில்லை.

நிச்சயம் நெருங்கியது. "ஒங்க தம்பி தட்ட மாத்தட்டுமே" என்றாள் மனைவி.

"எம் மகளுக்கு அவன் எதுக்குட்டி மாத்தணும்?"

நானே தட்டை ஏந்தி நீட்டினேன். சம்பந்தி வாங்கவில்லை. என் விரல்களைப் பார்த்தபடி நின்றார். "அண்ணாச்சி, கையில என்னது?"

தட்டை இறக்காமலே டாக்டரம்மா சொன்னதையும் என் நாய்க்கணக்கையும் சொன்னேன். அவரும் கிடை பார்த்த வீட்டுப் பிள்ளைதான்.

"அதட்ட ஆள் வச்சாச்சா?"

"மருந்து போடுதேன். லைட்டும் காட்டுதேன்."

"அப்பச் சரி. தட்டத் தாங்க, வெத்தல வாடுது."

என் விரல்களோடு சேர்த்தே தட்டைப் பிடித்து வாங்கினார். அன்று பந்தியில் என் மனைவி கேட்காமலே என் இலையில் தயிரை ஊற்றினாள்.