ஞாயிற்றுக்கிழமை மாத்திரைகள்

என் அக்கா பாண்டிலட்சுமி, திருத்தங்கலில் எங்கள் தாய்மாமா அய்யாதுரையின் அச்சகத்தில் பதினோரு வருடம் புரூஃப் பார்த்தாள். தினசரி காலண்டர். தாளுக்குத் தாள் தேதி, திதி, நட்சத்திரம், ராகுகாலம். ஒன்று மாறினாலும் ஆர்டர் திரும்பி வந்துவிடும். அவளோ அடுப்பில் பாலை வைத்துவிட்டு மாடிக்குத் துணி எடுக்கப் போய், அப்படியே அடுத்த வீட்டுக்குப் போய்விடுகிறவள். கால் தரிக்காதவள் என்றுதான் சொந்தத்தில் அவளுக்குப் பெயர்.

முப்பத்தாறு வயதில்தான் மதுரையில் ஒரு டாக்டர் அதற்கு ஏ.டி.எச்.டி. என்று பெயர் சொன்னார். கவனம் நிற்காது, உடம்பு அடங்காது, வளர்ந்தவர்களுக்கும் உண்டு என்றார். காலையில் ஒரு மாத்திரை. ஞாயிற்றுக்கிழமை வேண்டாம். மாதாமாதம் எடை, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு பார்க்க வரவேண்டும்.

மாத்திரை மேல் எனக்குக் குறை இல்லை. முதல் வாரம் ஒரு தாளை மேலிருந்து கீழ்வரை ஒரே மூச்சில் பார்த்து முடித்துவிட்டு, "நீங்கள்லாம் இப்படித்தான் வாசிக்கிறீகளா?" என்று என்னைக் கேட்டு அழுதாள்.

பிறகு பசி போனது. மத்தியானச் சாப்பாட்டு டப்பா திறக்காமலே வீட்டுக்கு வந்தது. எப்போதும் வாய் உலர்ந்து கிடந்தது. உறக்கம் மூன்று மணி நேரமாகச் சுருங்கியது. படுத்தால் நெஞ்சு அடிப்பது தலையணையில் கேட்கிறது என்பாள். சிரிப்பும் குறைந்துவிட்டது.

எனக்குக் குமட்டுவது என்னவென்றால், எங்கள் ஆட்களுக்கு இவையெல்லாம் பிடித்திருந்தன. மாமாவின் மனைவி லட்சுமிகாந்தம் அத்தை கல்யாண வீடுகளில் அக்காவைக் கூப்பிட்டு நிறுத்தி, அவள் இடுப்பைத் தடவிப் பத்துப் பேருக்குக் காட்டினாள். டீக்குக்கூட எழுந்திருக்கவில்லை என்று மாமா அவளை மற்றவர்களுக்கு உதாரணம் சொன்னார். பேச்சுக் குறைந்ததை அடக்கம் என்று மெச்சினார்கள்.

சிவகாசிப் பக்கம் ஆடிப்பெருக்கன்றுதான் புது வருடக் காலண்டர் மாதிரிகளைக் கோத்த ஆல்பத்துக்குப் பூஜை போடுவார்கள். அதற்கு முந்தின வாரங்களில் அச்சகத்தில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆனியில் டாக்டரிடம் போனபோது அக்காவின் நாடி நூற்றுப் பதினெட்டு. டாக்டர் மாத்திரையின் அளவைக் குறைத்தார். அடுத்த வாரமே இ.சி.ஜி. எடுக்க வரச் சொன்னார். மாமாவிடம் ஒரு நாள் லீவு கேட்கப் போனாள். நானும் பக்கத்தில் நின்றேன்.

"ஆடிப் பதினெட்டு கழியட்டும்த்தா. நெஞ்சு எங்கன ஓடிப்போகப் போகுது?" என்று சிரித்தார் மாமா. அக்கா சிரித்தாள். நானும் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் என் வாயைக் கழுவவேண்டும் போலிருக்கிறது.

ஞாயிறுகளில் போடாமல் விட்ட மாத்திரைகளை ஒரு பவுடர் டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். ஆல்பம் வேலைக்காக அதிலிருந்து தினமும் கூடுதலாக ஒன்று போட்டிருக்கிறாள். எனக்கு அது பிறகுதான் தெரிந்தது.

ஆல்பம் சொன்ன நாளில் வந்தது. ஒரு பிழை இல்லை. பூஜையில் மாமா சூடம் காட்டும்போது அக்கா சரிந்து விழுந்தாள். ஆஸ்பத்திரி போய்ச் சேருமுன் உயிர் இல்லை. இதயத்தில் பழைய கோளாறு இருந்திருக்கலாம், இ.சி.ஜி. எடுத்திருந்தால் தெரிந்திருக்கும், மாத்திரையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது என்றார் டாக்டர். நானும் மாத்திரையைக் குற்றம் சொல்லவில்லை.

பதினாறாம் நாள் விசேஷத்தில் பந்தி முடிந்ததும் அத்தை என்னை உள்ளறைக்குக் கூப்பிட்டாள். அவள் மகள் பிரீத்திகாவுக்குத் தையில் கல்யாணம்.

"ஏத்தா அருணா, அக்கா போட்ட மாத்திரை மிச்சம் கிடக்கும்லா? பிரீத்திகாவுக்குக் குடேன். தைக்குள்ள கொஞ்சம் வத்தினாப் போதும்."

பாயசத்து முந்திரியை மென்றுகொண்டேதான் கேட்டாள்.

டப்பாவில் ஏழு இருந்தன. எடுத்துக்கொண்டு போய்க் கக்கூஸில் கொட்டி, இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றினேன். அத்தை பின்னாலேயே வந்து கதவோரம் நின்று எட்டிப் பார்த்தாள்.

"குடுக்க மனசில்லைன்னா சொல்லியிருக்கலாம்லா," என்றாள். "அம்புட்டும் வீணாப் போச்சே."