மாயம்மாள் போட்ட ஐந்து நட்சத்திரம்

கன்னிவாடியில் மாயம்மாள் எதிரே வந்தால் பிள்ளைக்காரிகள் பிள்ளையை முந்தானைக்குள் இழுத்துக்கொள்வார்கள். அவள் யாரையும் திட்டிக் கெடுத்ததில்லை. பாராட்டித்தான் கெடுத்தாள். நாச்சிமுத்து வீட்டுத் தென்னையைப் பார்த்து "எம்புட்டுக் காய்" என்றாள். அந்த வாரமே இடி விழுந்தது, மேகமே இல்லாத வானத்திலிருந்து. அன்றைக்கு வாயை மூடியவள்தான். கட்டிய புருஷன் பாண்டியராஜைக்கூட இருபது வருஷமாக ஒரு வார்த்தை மெச்சியதில்லை. அவன் இன்றைக்கும் தலைவலி காய்ச்சல் இல்லாமல் நடமாடுவது அதனால்தான் என்று ஊரே சொல்லும்.

பேசாமல் செய்யக்கூடிய தொழிலாகப் பார்த்துத்தான் ஒரு கம்பெனியின் செல்போன் செயலியில் சேலைக்கடை போட்டாள். சின்னாளபட்டிச் சுங்குடியைப் படம் எடுத்துப் போடுவாள். கேட்டவர்களுக்குக் கட்டி அனுப்புவாள். நாலு வருஷம் நன்றாகத்தான் ஓடியது. பிறகு கௌசல்யா என்றொருத்தி வந்தாள். வெளியூர்க்காரி, முகம் தெரியாது.

புதுச்சேலை வாங்குவாள். கிழிந்திருக்கிறது என்று திருப்பி அனுப்புவாள். பிரித்தால் உள்ளே வேறு ஏதோ பழைய கந்தல் கிடக்கும். அது போதாதென்று கடைக்கு ஒற்றை நட்சத்திரமும் 'ஏமாற்றுக்காரி' என்று ஒரு வரியும். மூன்று முறை இப்படி. மூன்று கந்தலிலும் இடுப்பைத் தாண்டித் தொங்கும் நீளத்தில் ஒரு கருமுடி ஒட்டியிருந்தது. மல்லிகை வாசம் வேறு.

நட்சத்திரம் இன்னும் இறங்கினால் கடையை மூடிவிடுவோம் என்று கம்பெனி எழுதிவிட்டது. மாயம்மாள் கந்தலைப் படமெடுத்து அனுப்பி முறையிட்டுப் பார்த்தாள், கேட்பாரில்லை. வாங்குகிறவர் விற்கிறவரை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். விற்கிறவர் வாங்குகிறவரைப் பாராட்ட மட்டுமே முடியும். விதி அப்படி.

பாண்டியராஜ் அந்த விதியை இரண்டு தரம் படித்தான். பிறகு சிரிக்காமல் சொன்னான். "நல்லதைத்தானே புள்ள எழுதச் சொல்றான். எழுதேன்."

மூன்று நாள் அவள் போனைத் தொடவில்லை. நான்காம் நாள் காலையில் கம்பெனியின் கடைசி எச்சரிக்கை வந்தது. கௌசல்யாவுக்கு ஐந்து நட்சத்திரம் போட்டு, "முடி எம்புட்டு நீளம். பார்க்க ரெண்டு கண்ணு பத்தாது" என்று எழுதினாள். கந்தலிலிருந்து எடுத்து மேசை மேல் வைத்திருந்த முடிகளில் ஒன்று, காற்றே இல்லாத அறையில், செத்த நேரம் நெளிந்து அடங்கியது.

பத்தாம் நாள் பொட்டலம் வந்தது. மூன்று சுங்குடியும் மடிப்புக் கலையாமல் இருந்தன. அடியில் மணிக்கட்டுக் கனத்தில் ஒரு பின்னல். அதில் சுற்றியிருந்த மல்லிகைச் சரம் வாடவே இல்லை. கூடவே ஒரு சீட்டு: "அக்கா, நீங்க எழுதின அன்னைக்கே மொத்தமாக் கொட்டிருச்சு. உங்க கடைக்கு எல்லாத்தையும் அஞ்சாக்கிட்டேன். எழுதினதை அழிச்சிருங்க. இப்ப புருவமும் உதிருது."

கடை பிழைத்தது. மாயம்மாள் உடனே போனை எடுத்தாள். அழிக்கிற பொத்தானைத் தேடினாள்; அப்படி ஒன்று இல்லை. கம்பெனிக்குப் போன் போட்டாள். எடுத்த பெண் தேனாகப் பேசினாள். பாராட்டை அழிக்க வழியே கிடையாதாம். பாராட்டு வேண்டாமென்று இதுவரை ஒருத்தரும் கேட்டதில்லையாம்.

"வேற உதவி வேண்டாம்னா, எனக்கும் அஞ்சு நட்சத்திரம் போட்டு நல்லதா ரெண்டு வார்த்தை எழுதுங்க மேடம்."

மாயம்மாளுக்கு அந்தக் குரல் ரொம்பப் பிடித்துவிட்டது. அதுதான் பயமாக இருந்தது. மடியில் கிடந்த பின்னலைப் பார்த்தாள். ஒற்றை நட்சத்திரம் போட்டு, "குரல் சகிக்கலை" என்று எழுதினாள்.